ராகுகாலத்தில் போட்ட ஊசி

திருப்பதியில் நான் நர்ஸாக இருக்கும் சர்க்கரை கிளினிக்குக்கு அந்த ஜோசியர் புத்தூரிலிருந்து வருவார். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் நாள் குறிப்பவர். நெற்றி நிறையக் குங்குமம், கக்கத்தில் பஞ்சாங்கம். அடுத்து எப்போது வருவீர்கள் என்று கேட்டால்கூட அதைப் பிரித்துப் பார்ப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் டாக்டர் அவரிடம், மாத்திரை இனிப் போதாது, இன்சுலின் தொடங்க வேண்டும் என்றார். ஆடி போகட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்துச் சலித்தவள் நான். இவர் எத்தனை மாதம் கேட்பாரோ என்று எரிச்சலோடு நின்றேன்.

அவர் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"ராகுகாலம் ஓடுது அய்யா," என்றேன், வேண்டுமென்றே.

"பசிச்சா ராகுகாலம் பாத்துகினா துன்றோம்? எப்படிப் போடறதுன்னு காட்டும்மா."

காட்டினேன். அவரே போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம், இன்சுலின் என்றதும் எழுந்து போய்விட்ட ஒரு புத்தூர்ப் பெண்மணி திரும்பி வந்தார்.

"ஊசிக்கு நல்ல நாள் கேட்டு எங்க ஊர் ஜோசியர்கிட்ட போனேன் சிஸ்டர்."

"என்ன நாள் சொன்னாரு?"

"இன்னிக்கேன்னாரு. பஸ் ஏத்தி உட்டுட்டுத்தான் போனாரு."

அந்த ஜோசியர் எங்கள் கிளினிக் ஆள் என்றுதான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன்.