டியூபின் மறுமுனையில் நான்

எனக்கு எழுதவெல்லாம் அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போவேன், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. பழைய சாமான்களைப் போட்டு வைக்க அங்கே ஒரு சின்ன அறை கட்டலாம் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். கால் உடைந்த நாற்காலியைக்கூடத் தூக்கிப் போட மனம் வராதவர் அவர். மேஸ்திரி ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு தினமும் வேடிக்கை பார்ப்பார். அவர் மாடி கட்டப் போகிறாராம். எங்கள் தரை எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு அந்த வேலையை மேஸ்திரிக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

கடக்கால் தோண்டி, செங்கல் வைத்து மேலே வந்தாயிற்று. தரையின் உயரத்தை நான்கு மூலையிலும் குறிக்க வேண்டும். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சுவரில் போட்ட கோட்டருகே ஒருவர் பிடிப்பார். தண்ணீர் கோட்டில் நின்றதும் அவர் சொன்னால், மறுமுனையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மேஸ்திரி குறித்துக்கொள்வார். அன்று சித்தாள் வரவில்லை. வீட்டுக்காரர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

"இத்த கொஞ்சம் புடிச்சிக்கோம்மா" என்று முனையை என் கையில் கொடுத்துவிட்டு மேஸ்திரி அந்தப் பக்கம் போனார்.

என் கண்ணாடி உள்ளே சாமி அலமாரியில் இருந்தது. அது இல்லாமல் எனக்குக் கோடும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. சுவர் தெரியும்.

"கோட்ல நிக்குதாம்மா?"

கண் தெரியவில்லை என்று வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது? மதில் மேல் பக்கத்து வீட்டுக்காரர் வேறு. "நிக்குது" என்றேன். நான்கு மூலைக்கும் நான்கு "நிக்குது".

"சித்தாளு கையில குட்த்தா அர மணி நேரம் ஆட்டிக்கினு இருப்பா. அம்மா ஒரே தபாவுல சொல்ட்டாங்க பாரு சார்" என்றார் மேஸ்திரி, மதில் பக்கம் திரும்பி. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குறித்த இடங்களுக்கு நடுவே நூல் கட்டும்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இன்னாமோ சாஞ்சாப்ல கீது. சரி, அம்மா சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காபி போட உள்ளே போய்விட்டேன்.

மண் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து, ஜல்லி போட்டு, சிமெண்ட் பூசியாயிற்று. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். வாசலுக்கு வர வேண்டிய தண்ணீர் பின்மூலைக்குப் போய்க் குளம் கட்டியது.

"என்னய்யா இது? சாமான் வைக்க ரூம் கேட்டேனா, மீன் வளர்க்கக் கேட்டேனா?"

"மட்டம் வெச்சித்தான் சார் போட்டேன்" என்றார் மேஸ்திரி.

"நம்ம மாடிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று மதிலிலிருந்து சத்தம் வந்தது.

அம்மாதான் பிடித்தார்கள் என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கரண்டியைக் கழுவப் போனார். எனக்குத் தாங்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் வாளியைப் பார்த்துச் சொன்னேன்.

"டியூபைப் புடிச்சது நான். கண்ணாடி போட்டுக்கலை. கோடு தெரியலை. சும்மா நிக்குதுன்னு சொல்லிட்டேன்."

"நாலு தடவையுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"நாலு தடவையும்."

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். "இன்னாம்மா நீ, தெர்லன்னு சொல்லியிருந்தா நானே வந்து பாத்துகினு போயிருப்பேன். என் கண்ணு அன்னிக்கே சொல்லிச்சி. நான் உன் வாய நம்புனேன்."

மறுநாள் பின்மூலையில் சிமெண்ட் ஏற்றி வாட்டத்தைச் சரி செய்தார். மாடி வேலையும் அவருக்கே கிடைத்தது. "டியூப் புடிக்க அக்கா வரக்கூடாது, அவ்வளவுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் மதிலிலிருந்தே சொல்லிவிட்டார்.

பின்மூலை எத்தனை அங்குலம் இறங்கியிருந்தது என்று நான் எழுதவில்லை. ஒன்றரை என்கிறார் மேஸ்திரி, மூன்று என்கிறார் வீட்டுக்காரர். அளவு விஷயத்தில் என்னை நம்ப வேண்டாம். யாராவது ஒரு நடை வந்து மேஸ்திரியைக் கேட்டுச் சரிபார்த்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டு மாடியில்தான் இருக்கிறார்.