சிகரெட் சூடும் உண்ணிக்கடியும்

திங்கட்கிழமை காலை துறைமுகத்தில் வேலையில் நின்றபோது என் தங்கையின் கணவன் வரதன் தொலைபேசியில் கூப்பிட்டான். "மச்சான், இராசையா அண்ணையைக் கந்தளாய் வீதியில லொறி அடிச்சுப்போட்டுது. ஆள் முடிஞ்சுது" என்றான். மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த எலி பிடிக்கும் கம்பிக் கூடுகள் நசுங்கிக் கிடந்தனவாம். ஒன்றுக்குள் மட்டும் ஒரு காட்டெலி உயிரோடு சுற்றிக்கொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது வரதன் அழுதுவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை. அந்த லொறிக்காரனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும் போலிருந்தது. என் குணம் அப்படி. அதை அடக்கிய ஒரே மனிதர்தான் போய்விட்டார்.

'எலி இராசையா' என்று அவரைக் கூப்பிட்டவர்கள் இதை வாசிப்பீர்கள். சுகாதாரப் பகுதியில் அவருக்கு வேலை, பற்றைக்காடுகளில் கூடு வைத்துக் காட்டெலி பிடிப்பது. எலியை மயக்கி, வெள்ளைத் தட்டின்மேல் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் கிளறுவார். செம்மஞ்சள் பொடி போல உண்ணிகள் உதிரும். "எலிக்கு இது ஒண்டும் செய்யாது. பற்றைக்குள்ள குந்தின மனுசனை நோயுள்ளது கடிச்சால், காய்ச்சல் வந்து ஆளையே கொண்டுபோடும்" என்பார். நான் சிரிப்பேன். ஒரு பொடியைப் பார்த்து யார்தான் பயப்படுவார்கள்?

சில வருடங்களுக்கு முன் சாம்பல்தீவில் என் தங்கை சுமதி ஐந்து நாளாகக் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு உடை மாற்றிவிட்ட பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பில் ஒரு வட்டப் புண்ணைக் கண்டாள். நடுவில் கறுத்து, ஓரம் சிவந்திருந்தது. "தம்பி, இது சிகரெட்டால சுட்டது" என்று எனக்குச் சொன்னாள். வரதன் சிகரெட் குடிப்பவன். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அவனை முற்றத்துக்கு இழுத்து வந்தேன். "நான் சுடேல்லை மச்சான்" என்றான். மூட்டை தூக்கிப் பழகிய கையால் காதோடு பொத்தி அறைந்தேன். விழுந்தவனை வயிற்றில் உதைத்தேன். அவன் வாயால் இரத்தம் வந்தது. பார்த்து நின்றவர்களில் ஒருவர் எனக்கு நிலம் தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துத் தந்தார். அதை ஓங்கினேன். அப்போதுதான் பின்பக்கத்துப் பற்றைக்குள் கூடு வைக்கும்போது எங்கள் கூச்சலைக் கேட்டு வந்த இராசையா அண்ணை, கையிலிருந்த எலிக்கூட்டால் என் முகத்தில் அடித்தார். நெற்றி வெடித்தது.

"விசரா, அந்தப் புண்ணைத் தொட்டுப் பாத்தனியோ?"

உள்ளே போய்ப் புண்ணை விரலால் அமத்தினார். சுமதி அசையவில்லை. அதற்குக் கீழே கவட்டை அமத்தியதும் துடித்துக் கத்தினாள். அங்கே நெறி கட்டியிருந்தது. பிறகு அவர் தன் சட்டையைத் தூக்கினார். நெஞ்சில் ஒன்பது வட்டத் தழும்புகள். யுத்த காலத்தில் அவரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் சிகரெட்டால் சுட்டவை. "சிகரெட் சூடு எனக்குத் தெரியும். காத்துப் பட்டாலும் ஆள் துள்ளும். இது உண்ணி கடிச்சது. இன்னும் ஒரு நாள் வைச்சிருந்தால் செத்துப்போவாள். ஆசுபத்திரிக்குத் தூக்குங்கோ" என்றார். ஆட்டுக்குக் குழை வெட்டப் பற்றைக்குள் போனவள் என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. இரத்தம் வடிய வடிய வரதன்தான் அவளைத் தூக்கினான்.

இந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. பிறகு ஒருநாள் அண்ணையோடு நானும் அன்புவழிபுரத்துக்குப் போனபோது, அங்கே ஒருவன் மனைவியின் கையிலிருந்த வட்டப் புண்ணைக் காட்டி, உண்ணி கடித்தது என்றான். அண்ணை விரல் வைத்ததும் அந்தப் பெண் அலறிக் கையை இழுத்தாள். அவர் திரும்பி அவனைச் சுவரோடு சேர்த்து அடித்தார். இழுத்துப் பிடித்தது நான். "உண்ணி பசிக்குக் கடிக்குது. இவன் என்னத்துக்கு?" என்று மூச்சு வாங்கினார். அந்தப் பெண்ணைத் தன் மோட்டார் சைக்கிளிலேயே பொலிசுக்கு ஏற்றிப்போனார்.

சுமதி பிழைத்தாள். வரதனின் இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவில்லை. "அவனிட்ட மன்னிப்புக் கேட்டனியோ?" என்றார் அண்ணை. கேட்கவில்லை என்றேன். "அப்ப கேக்கிற வரைக்கும் அவன்ர வலப்பக்கம் நிண்டு கதை. உனக்கு நினைவிருக்கும்" என்றார். அன்றிலிருந்து வலப்பக்கம்தான் நின்றேன். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. என்னைச் சந்தியில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, "கேட்டாச்சோ?" என்று கத்திவிட்டுப் போவார். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வரும்.

சுடலையில் அண்ணையின் சிதை மூண்டு எரிந்தபோது, "என்னை மன்னிச்சுக்கொள் வரதன்" என்றேன். அவன் சிதையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான் பார்த்தேன், நான் அவனுடைய இடப்பக்கம் நின்றிருந்தேன். அண்ணை இருந்திருந்தால் கூட்டால் இன்னொன்று தந்திருப்பார். என் நெற்றித் தழும்பும் அந்த ஒரு கேள்வியும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை.

சுற்றிப் போய் வரதனின் வலப்பக்கம் நின்று, திரும்பவும் சொன்னேன்.