பச்சை பூசும் வேலை

இங்கே புல்லுக்குச் சாயம் பூசுவார்கள் என்றால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ரொறொன்ரோவில் பனி கரைந்ததும் புல் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். செத்துப்போகவில்லை, உறங்குகிறது. அது விழிக்கும்வரை காத்திருக்க வீடு விற்பவர்களுக்குப் பொறுமையில்லை. பக்கத்திலுள்ள மார்க்கம் நகரில் விற்பனைக்கு வந்த வீடுகளின் முன்னால், முதுகில் சாயம் நிரப்பிய தாங்கியைச் சுமந்துகொண்டு பச்சைச் சாயம் தெளிப்பது என் வேலை. "அண்ணை, உந்த மூலை இன்னும் வெளுத்துக் கிடக்கு. மாடு கண்டாலும் ஏமாற வேணும்" என்பான் என்னோடு வேலை செய்யும் ரவி. வீட்டுக்காரர்கள் நாயை இழுத்துப் பிடித்தபடி, நஞ்சா என்று கேட்பார்கள். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம், "நோ பொயிசன், யூ கான் ஈற்" என்றேன். தன்னைப் புல் தின்னச் சொன்னதாக அவர் முதலாளியிடம் முறையிட்டார்.

யாழ்ப்பாணத்தில் நான் விவசாயப் போதனாசிரியர். அங்கும் முதுகில் தாங்கி சுமந்தவர்களோடுதான் என் நாட்கள் கழிந்தன. ஆனால் அவர்கள் தெளித்தது நஞ்சு. ஒரு வெங்காயத் தோட்டக்காரரின் மகள், தகப்பன் ஏசியதற்காக அதைக் குடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் மூச்சு நின்றது.

போன மார்ச்சில் ஒருநாள் மாலை வேலையால் வந்து கராஜ் கதவைத் திறந்தேன். மிஞ்சிய சாயக் கலனை அங்கேதான் வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் என் மகள் தர்ஷினி தலை குனிந்து குந்தியிருந்தாள். பதினைந்து வயது. நிமிர்ந்தபோது உதடும் நாக்கும் பச்சை. தோழி வீட்டில் ஓரிரவு தங்க விடும்படி கேட்டதற்காக, முதல்நாள்தான் அவளை வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தேன்.

பிடரியைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டேன். "துப்பு பிள்ளை, துப்பு!"

"விடுங்கோ அப்பா, நோகுது! இட்ஸ் கான்டி!"

வீட்டுக்குள் போகும் வாசலில் அவளுடைய தோழி பச்சைத் தொப்பியோடு விறைத்துப்போய் நின்றாள். அன்று ஐரிஷ்காரரின் திருநாளாம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பச்சை உடுத்திப் பச்சை மிட்டாய் தின்றார்களாம். இவள் பூட்ஸ் கழற்றத்தான் அங்கே குந்தியிருக்கிறாள்.

என் நகம் பட்டு அவள் உதடு கிழிந்திருந்தது. கழுவிவிட்டு வந்து கேட்டாள்: "உது வெறும் சாயமெண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்? நேற்று ஏசினதுக்கு நான் செத்துப்போவன் எண்டே நினைச்சனீங்கள்?"

நான் சாயக் கலனை எடுத்து உயரத் தட்டில் வைத்தேன். அந்தத் தோட்டக்காரரின் மகளைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். தோழி பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

போன கிழமை தர்ஷினியைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அப்பாவும் உள்ளே வரலாம் என்று தாதி சிரித்தபடி சொன்னாள். "நோ, ஹீ கான் வெயிற்" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல். கதவு சாத்தப்பட்டது. உள்ளே முன்பின் தெரியாத ஒருவருக்கு அவள் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். வெளியே நான் அவளுடைய குளிர் ஜக்கற்றை மடியில் வைத்துக்கொண்டு, வேகவேகமாக ஓடும் ஆங்கிலத்துக்குள் அவளுடைய குரல் எது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.