வட்டி குறைந்த செய்தி

துறைமுகத்தில் லிகிதராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, கைக்கு வந்த பணம் முழுவதையும் அரசுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கும் திறைசேரி முறியில் போட்டிருந்தார். இளைஞர்களைப் பிடித்துக்கொண்டுபோகும் காலம் என்பதால், அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்ப அதை விற்கத் தீர்மானித்த வாரத்தில்தான் மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது. ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டு வானொலியில் அதைக் கேட்டதும், தன் முறிக்கும் வட்டி கூடும் என்று அப்பா மகிழ்ந்தே போனார்.

வங்கியில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். "புது முறிக்குத்தான் ஐயா கூட வட்டி. உங்கட பழசை இப்ப வித்தா விலை குறைச்சுத்தான் வாங்குவினம். வட்டி இறங்குமட்டும் வைச்சிருங்கோ."

"நட்டத்துக்கு விக்க ஏலாது," என்றார் அப்பா. அம்மா அழுதும் பார்த்தார். நான் அப்பாவின் பக்கம் நின்றேன். இதைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது.

அதிலிருந்து ஐந்தாம் மாதம் கந்தளாய்ப் பாதையில் பஸ்ஸை மறித்து அண்ணாவை இறக்கிக் கொண்டுபோனார்கள். தேடிப் போன எங்களிடம், எந்த இராணுவ முகாமிலும் அவன் இல்லை என்றார்கள்.

அதற்கடுத்த மாதம் மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. விஷயம் அறியாத வங்கிக்காரர், உதவ நினைத்து வீடு தேடி வந்தார்.

"இப்ப வித்தா போட்டதைவிடக் கூடவே வரும், ஐயா."

அப்பா அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஓம். வித்து ஆரை அனுப்பிறது?"