நார்வேக்குப் போன கரடி

இருசம்மாளுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. பக்கத்தில் எது கிடந்தாலும் எடுத்து முறுக்குவாள். துணியானால் துணி, கயிறானால் கயிறு. கலியாணமான புதிதில் அவள் புருஷன் பாவாடை, வேலை முடிந்து வந்ததும் கொடியில் கிடக்கும் தன் துண்டைத்தான் முதலில் பார்ப்பான். அது முறுக்கேறிக் கிடந்தால், வந்த வழியே டீக்கடைக்குத் திரும்பிவிடுவான்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கரும்புக் கொல்லைகளில் இருவரும் வெட்டு வேலை செய்கிறவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மேஸ்திரி எந்தக் கொல்லைக்குக் கூப்பிடுகிறாரோ அந்தக் கொல்லை. வெட்டி, சோகை உரித்து, கட்டுக் கட்டி, டிராக்டரில் ஏற்றினால் அன்றைய பாடு முடிந்தது. சோகை என்பது கரும்பின் காய்ந்த இலை. அதன் ஓரம் கத்தி மாதிரி அறுக்கும், சுணை ஒட்டினால் குளித்தாலும் போகாது. கொல்லை வெட்டி முடிந்ததும் நிலத்துக்காரர்கள் அதைக் கூட்டிக் கொளுத்திவிடுவார்கள்.

அந்தச் சோகையில் இருசம்மாள் மிருகம் செய்ய ஆரம்பித்தது வீரமுத்துவின் கொல்லையில்தான். வீரமுத்துவுக்கு அந்தப் பக்கத்தில் நல்ல நிலம், நல்ல கிணறு. ஒரு வருஷம் வெட்டு நடந்தபோது, உச்சி வெயிலில் பெண்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். வீரமுத்து மோட்டார் கொட்டகைக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மோட்டார நிறுத்திட்டேன். தொட்டியில கெடக்குது பாரு, மொண்டுக்குங்க."

அது மாடு குடிக்கிற தொட்டி. மேஸ்திரி கண்ணாலேயே அடக்கினார். இருசம்மாள் வரப்போரம் உட்கார்ந்து சோகையை இழுத்து இழுத்து முறுக்கினாள். கரும்பின் பச்சைக் கொழுந்தாடையைத் திரித்துக் கயிறாக்கி, அதை வைத்துக் கட்டினாள். கடைசிக் கட்டு டிராக்டரில் ஏறியபோது வரப்பில் ஒரு காட்டுப்பன்றி நின்றது. பிடரி மயிர் சிலிர்த்து, கழுத்தே இல்லாமல் தலை தோளுக்குள் புதைந்து, மோட்டார் கொட்டகையைப் பார்த்தபடி நின்றது. அது யார் என்று கூட இருந்த பெண்களுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இருமல் வரும்வரை சிரித்தார்கள்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கொல்லையும் வெட்டி முடிகிற அன்று ஏதாவது ஒன்று எழுந்து நிற்கும். கரடி, காட்டெருமை, குட்டிக்குப் பால் கொடுக்கும் குரங்கு. சிறு வயதில் கல்வராயன் மலைமேல் கடுக்காய் பொறுக்கப் போன காலத்தில் பார்த்த மிருகங்கள் எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தன. நிலத்துக்காரர்கள் கிறுக்கு என்றார்கள். சோகையோடு சேர்த்து அதையும் கொளுத்தினார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் மகள் எழில்மதிக்குத்தான் அது பிடிக்காது. கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போகிறவள். "ஏம்மா இந்தப் பொம்ம வேல? பஸ்ல போறவங்கல்லாம் பாத்துகினு போறாங்க" என்பாள். "பாத்தா பாக்கட்டும், கண்ணு இருக்குது பாக்கறாங்க" என்பாள் இருசம்மாள்.

இந்த வருஷம் தை மாதக் கடைசியில் மறுபடி வீரமுத்துவின் கொல்லை. வீரமுத்துவுக்கு இப்போது புதுப் பழக்கம் ஒன்று வந்திருந்தது. கட்டிலில் படுத்தபடி போனில் விநோதமான படங்களைப் பார்ப்பது. பென்சில் முனையில் கப்பல் செதுக்கினவன், தீக்குச்சியில் அரண்மனை கட்டினவன், தெருமரங்களுக்கெல்லாம் சட்டை பின்னிப் போட்ட கிழவி என்று 'உலகத்து விநோதங்கள்' என்ற பக்கத்தில் தினம் ஒன்று வரும். யார் கிடைத்தாலும் கூப்பிட்டுக் காட்டுவார். அன்று இருசம்மாள் அகப்பட்டாள்.

"இருசா, இங்க வா. நீயும் பண்றியே பொம்ம. இதப் பாரு. நார்வேன்னு ஒரு தேசம், அங்க ஒரு வெள்ளக்காரி. வைக்கோல்லயே கரடி பண்ணிருக்கா. இன்னா நேர்த்தி! இதுக்குப் பேருதான் கலை."

இருசம்மாள் குனிந்து பார்த்தாள். கரடி பின்னங்காலில் நின்று, முன்கையைத் தூக்கி, பலா மரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி நின்றது. அதன் இடது காது மட்டும் பச்சைக் கட்டம் போட்ட துணி. அது பாவாடையின் கிழிந்த லுங்கி. சோகை போதாமல் போனதால் அவள் கையால் கிழித்து வைத்துக் கட்டிய காது.

"ஐயா, இது நான் பண்ணதுங்க."

வீரமுத்து சிரித்தார்.

"நெசமாத்தாங்க. போன வருசம் இதே கொல்லையில, அந்த மூலையில நின்னுச்சு. நீங்கதான் கொளுத்துனீங்க."

"அடிப் போடி. அது எங்க, இது எங்க? கீழ எழுதிருக்கான் பாரு, இங்க்ரிட்டுன்னு அவ பேரு."

இருசம்மாள் அந்தப் போனையே முறுக்கிப் போட்டிருப்பாள். அடுத்தவர் போன் என்பதால் விட்டாள். அன்று அவள் வெட்டிய வேகத்தைப் பார்த்துப் பக்கத்து வரிசைக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கச் சொன்னாள். எழில்மதி தேடவே இல்லை. விரலை வைத்த உடனே கரடி வந்து நின்றது. இருசம்மாள் படத்தை விட்டுவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒனக்கு இது முன்னாலயே தெரியுமா?"

எழில்மதி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"கேக்கறன்ல?"

"கிளாஸ் குரூப்புல போட்டிருந்தாங்கம்மா. எல்லாரும் சூப்பர் சூப்பர்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நானும் சூப்பர்னு போட்டேன்."

"எங்கம்மா பண்ணதுன்னு ஒரு வார்த்த வரலியா ஒனக்கு?"

"சொன்னா உங்கம்மா இன்னா வேல பண்றாங்கன்னு கேப்பாங்க." சொல்லிவிட்டு அவள் அழுதாள். "கரும்பு வெட்டறாங்கன்னு நான் அங்க யாருக்கும் சொன்னதில்லம்மா."

வீரமுத்து சிரித்தபோது வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருசம்மாள் கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. "கீழ ஜனங்க இன்னா எழுதிருக்குதுன்னு படி" என்றாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். இப்படி ஒரு ரசனை நம் ஊரில் யாருக்கு இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்ம ஆளுங்க கையில் கிடைத்தால் கொளுத்திவிடுவார்கள் என்று இன்னொருவர். வெள்ளைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது என்று கும்பிடு போட்டிருந்தார் மூன்றாமவர். அன்றிலிருந்து அவள் மகளோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் கிடையாது.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவன் எங்கோ வெளிநாட்டில் இருக்கவில்லை. கச்சிராயபாளையம் பஸ் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் தீனதயாளன்தான். டிராக்டர் ஓட்டுகிற சின்னராசு விசாரித்து வந்து சொன்னான். மறுநாள் இருசம்மாள் கடைக்குப் போனாள், பாவாடை நாலடி பின்னால் போனான்.

தீனதயாளன் முதலில் மழுப்பினான். பச்சை லுங்கியின் மிச்சத்தை அவள் கல்லாமேல் போட்டதும் இறங்கி வந்தான்.

"யக்கா, கோச்சிக்காத. பைக்ல போவசொல்ல பாத்தேன், அழகா இருந்துச்சு, எடுத்தேன்."

"எடுத்த சரி. யாரு அந்த இங்க்ரிட்டு?"

"அப்டி யாரும் இல்லக்கா. நானா வச்ச பேரு."

இவ்வளவு நாளாக அந்தப் பெண் எங்கோ இருக்கிறாள், தன்னுடையதைத் திருடிவிட்டாள் என்று இருசம்மாள் நினைத்திருந்தாள். இல்லாத ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

"ஏன்டா, இருக்கறவ பேரு ஒனக்கு ஆவலையா?"

"நெசத்த சொல்றேன்க்கா. மலையடியில கரும்பு வெட்டற அம்மா பண்ணதுன்னு போட்டா யாரு பாப்பாங்க? தள்ளி விட்டுட்டுப் போய்க்கினே இருப்பாங்க. நார்வேன்னு போட்டேன், ஊரே பாக்குது."

"ஊரு பாக்கணும்னு நான் ஆசப்படல. எம்பேர எழுது."

பயந்துபோய் எழுதினான். அன்று மாலையே இன்னொரு பதிவு வந்தது: இது கச்சிராயபாளையம் இருசம்மாள் செய்தது, தவறுக்கு வருந்துகிறோம். அதற்குக் கீழே வந்ததுதான் கொடுமை. வெள்ளைக்காரியின் உழைப்பை நம்ம ஊர் ஆள் பேரில் போட வெட்கமாக இல்லையா என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரில் செய்த படம் என்றார்கள். கரும்பு வெட்டுகிறவளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது, கதை விடாதே என்றார்கள். இரண்டாம் நாள் தீனதயாளன் அந்தப் பதிவை எடுத்துவிட்டான். இங்க்ரிட் மட்டும் அப்படியே இருந்தாள்.

சின்னராசு இதைக் கொல்லையில் வந்து சொன்னபோது இருசம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மில்லுல எறக்கிட்டு காலி வண்டியாத்தான வந்திருக்க? இந்தச் சோகைய ஏத்து."

"எங்கக்கா கொண்டு போவணும்?"

"அவன் கடைக்கி."

மேஸ்திரி கத்தினார், வேலையை விட்டுப் போனால் நாளைக்கு வராதே என்றார். கூட வெட்டிய பெண்கள் ஆளுக்கு ஒரு கட்டுத் தூக்கி வண்டியில் போட்டார்கள். பாவாடை கொழுந்தாடைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான்.

கடை வாசலில் சோகை மலை மாதிரி இறங்கியது. இருசம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தாள். தீனதயாளன் ஓடிவந்து கும்பிட்டான்.

"யக்கா, யாவாரம் கெட்டுப்போவுது."

"எவளோ நார்வேக்காரி பண்ணிகினு இருக்கா. ஒனக்கு இன்னா?"

கூட்டம் சேர்ந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, பஸ் திரும்ப இடம் விடச் சொல்லிவிட்டு அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்தார். பின்னங்கால் இரண்டும் எழுந்தன. வயிறு வந்தது. அவள் விரல்களில் அங்கங்கே ரத்தக் கோடு. யாரோ போனில் நார்வே கரடியை எடுத்து இதற்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார்கள். "அதேதான்யா" என்று ஒரு குரல். "வாத்தியாரே, அதே கை" என்று இன்னொன்று. ஆளுக்கு ஆள் படம் பிடித்தார்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. ஜன்னல் ஓரத்தில் எழில்மதி, பக்கத்தில் அவள் தோழிகள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் இன்னும் தள்ளி. தோழிகள் எட்டிப் பார்த்து, "ஏய், அந்த நார்வே கரடிடி!" என்றார்கள். பஸ் மறுபடி கிளம்பியபோது எழில்மதி எழுந்து கண்டக்டரைக் கத்தி நிறுத்தி இறங்கினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நேராகத் திரும்பி நின்றாள்.

"இவங்க எங்க அம்மா. பேரு இருசம்மாள். கரும்பு வெட்டறாங்க. இந்தக் கரடிய இவங்கதான் பண்ணாங்க. நார்வேல யாரும் இல்ல."

இருசம்மாள் வாயில் ஒரு கயிற்று நுனியைக் கடித்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றைத் துப்பிவிட்டு, "பேசிகினு நிக்காத, இந்தக் கைய இழுத்துப் புடி" என்றாள். மகள் சுடிதார் அழுக்காகுமே என்று பார்க்காமல் மண்ணில் மண்டிபோட்டு, கரடியின் கையை இழுத்துப் பிடித்தாள். சோகை அவள் உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை.

அந்த வாரம் முழுக்க அந்தக் காட்சிதான் எல்லார் போனிலும். ஒரு சேனலிலிருந்து வந்து இருசம்மாளை வீரமுத்துவின் கொல்லைக்கே கூட்டிப்போனார்கள். வீரமுத்து வெள்ளை வேட்டியில் வந்து மைக்குக்கு முன்னால் நின்றார். "எங்க நெலத்துலதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க. நான்தான் எடம் குடுத்து ஊக்கப்படுத்தினேன்" என்றார்.

"ஆமாங்க, அங்கதான் ஆரம்பிச்சேன்" என்றாள் இருசம்மாள். "குடிக்கத் தண்ணி கேட்டதுக்கு மாட்டுத் தொட்டியக் காட்டுனாரு. அந்தக் கோவத்துலதான் ஆரம்பிச்சேன். மொதல்ல பண்ணது பன்னி. அது யாருன்னு அவரயே கேளுங்க."

சேனல்காரப் பெண், "கொஞ்சம் சிரிச்சாப்ல சொல்லுங்கம்மா" என்றாள். "எதுக்கு?" என்றாள் இருசம்மாள். அவர்கள் ஒளிபரப்பியதில் தண்ணீர் சமாசாரம் இல்லை. வீரமுத்து ஊக்கப்படுத்தியது மட்டும் இருந்தது. அதைப் பார்த்த அன்று பாவாடையின் துண்டு இரண்டாகக் கிழிந்தது. மேஸ்திரி சொன்னபடியே அவளை அந்தப் பருவம் முழுக்கக் கூப்பிடவில்லை. பாவாடையும் போகவில்லை. இருவரும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய் வேறொரு மேஸ்திரியின் வெட்டு செட்டில் சேர்ந்தார்கள்.

இங்க்ரிட் இன்னும் சாகவில்லை. யாராவது ஒருவர் எங்கிருந்தோ அந்தப் பழைய படத்தை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கண்ணில் படும் இடத்திலெல்லாம் எழில்மதி கீழே போய் அம்மாவின் பேரை எழுதுகிறாள். திட்டு வாங்குகிறாள், பதிலுக்குத் திட்டுகிறாள். அம்மாவும் மகளும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், முக்கால்வாசி சண்டைதான்.

மாசிக் கடைசியில் புது இடத்தில் ஒரு கொல்லை வெட்டி முடிந்தது. இருசம்மாள் காட்டெருமை ஒன்றுக்குக் கொம்பு கட்டிக்கொண்டிருந்தாள். பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு தீனதயாளன் வரப்பில் நடந்து வந்தான். போன் சட்டைப் பையிலேயே இருந்தது.

"யக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

அவள் கொம்பை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"இன்னா பேரு போடுவ?"

"இருசம்மாள்."

"ஊரு?"

சொன்னான்.

"இன்னா வேல?"

"கரும்பு வெட்டறவங்க."

"எடு" என்றாள். அவன் போனைத் தூக்கியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நெற்றியைச் சுளித்து நேராக அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அவன் கை ஆடி, முதல் படம் கலங்கிப்போய் விழுந்தது.