ஆறு மாத முன்வாடகையும் ஏழாம் விதியும்

நாற்பத்திரண்டு படிகள். யாங்கோனில் நான் எழுத்தராக இருந்த டவுன்ஷிப் அலுவலகத்தில், கீழே என் மேசை, மேலே அதிகாரி ஊ தேனின் அறை. ஊ என்பது பர்மாவில் பெரிய மனிதருக்கான மரியாதைச் சொல்; பெண்களுக்கு டாவ், என்னைப் போன்றவர்களுக்குக் கோ.

வாடகை கட்ட முடியாத பென்ஷன்காரர்களுக்கென்று எங்களிடம் ஒரு சிறு நிதி இருந்தது. கட்டாயம் கொடுக்க வேண்டியதில்லை. அதிகாரி தகுந்ததெனக் கருதினால் கொடுக்கலாம். விண்ணப்பத்தோடு வாடகை ஒப்பந்தம் வேண்டும்.

டாவ் லெட்சுமி அன்று நான்காவது முறையாக வந்தார். விதவைப் பென்ஷன் வாங்குபவர். விடியற்காலையில் படகுத்துறையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பார். துறையை ஒட்டி ஒரு வாடகை அறையில் இருந்தார். அதை விட்டால் குழம்புப் பானையைத் தூக்கிவர வழியில்லை, கடையும் போய்விடும். ஒப்பந்தம் எங்கே என்று நான்காவது முறையாகக் கேட்டேன்.

"அண்ணே, ரூம்காரரு ஆறு மாசத்த ஒண்ணா கேக்குறாரு. அத குடுத்தாதான் கையெழுத்து. கையெழுத்து இருந்தாதான் நீங்க குடுப்பீங்க. நான் எந்தப் பக்கமா உள்ள வர்றது?"

யாங்கோனில் யார் மாத வாடகை வாங்குகிறார்? விதி எழுதியவர் வாடகை வீட்டில் இருந்ததே இல்லை போலும். ஏழாம் விதியைத் தேடி எடுத்தேன்: அதிகாரி கருதினால் ஒப்பந்தம் இல்லாமலும் கொடுக்கலாம். அந்த அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். கீழேயே உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.

ஊ தேன் தேநீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோ ராமையா, கருதினால்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாங்க."

"நான் கருதல."

அவ்வளவுதான். மூன்று வரி மறுப்புக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். டாவ் லெட்சுமி அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "உங்களுக்கும் மேல ஏறி கால் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் நாள் அறை வேறு ஒருவருக்குப் போயிற்று. நகருக்கு வெளியே, மாவ்பியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்று துறையில் சொன்னார்கள்.

அந்த ஆண்டு முடிவில் நிதி அப்படியே மிச்சம். சிக்கனமான நிர்வாகம் என்று ஊ தேனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி அடித்ததும் நான்தான். நினைத்தால் இன்றும் மனசு எரிகிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'கருதினால்' என்று எழுதியிருக்கும் இடத்தில் காகிதத்தை மட்டும் அனுப்பாதீர்கள். கேட்க வந்தவரைக் கைத்தாங்கலாகவாவது மேலே கூட்டிப் போய், கருத வேண்டியவரின் எதிரில் உட்கார வையுங்கள். 'நான் கருதல' என்பதை அவர் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நான் ஒரு முழங்காலுக்கு இரக்கப்பட்டு, ஒரு அறையைத் தொலைத்தேன்.