நூறு பாயிண்ட் பொம்மை

பேத்தி விளையாடும் வீடியோ கேமில் நேற்றும் அந்த மண்பொம்மைகள் வந்தன. ஓட்டைக் கண்கள் இரண்டு, ஓட்டை வாய் ஒன்று, ஒரு கை மேலே, ஒரு கை கீழே. நான் எண்ணியவரை பத்தொன்பது. இவள் கேமில் அவை மண்ணுக்குள்ளிருந்து எழுந்து பாடுகின்றன. எனக்குப் பத்து வயதானபோது, மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டுக்கு மாமா வாங்கி வந்த ஜப்பான் கேமில் அவை முழங்காலை ஆட்டி ஆட்டி வரும். சுட்டால் ஒன்றுக்கு நூறு பாயிண்ட்.

அப்பா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா. அந்த ஆண்டுக் குடும்ப தினத்தில் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி வைத்தார்கள். நடுவர் ஜப்பானிய மேனேஜர். ஃபோர்மேன் வேலை அப்பாவுக்கா, வேறொருவருக்கா என்று அந்த மாதம் முடிவு செய்யவிருந்தவரும் அவரே.

"ஜப்பான் வேஷம் போட்டா ஆளு மயங்கிடுவாரு மச்சான்," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மாமா அட்டையை உருளையாகச் சுருட்டி, பூந்தொட்டிக் களிமண்ணை மூன்று முறை பூசி, என்னை உள்ளே இறக்கினார்.

மேடையில் போலீஸ் ஆறு, டாக்டர் நான்கு, முருகன் மூன்று, நான் ஒருவன்.

"டேய், என்னடா இது, இட்லிப் பானையா?" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார் அப்பாவின் சூப்பர்வைசர்.

"இல்ல அங்கிள், ஜப்பான் பொம்மை. சுட்டா நூறு பாயிண்ட்!"

அவர் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். "ஐயோ, இது அவங்க ஊர்ல செத்தவங்க சமாதிமேல வைக்கிறது லா! டிரெய்னிங் போனப்ப பாத்திருக்கேன்."

அப்பா மேடையோரம் ஓடி வந்தார். "வாய மூடிட்டு எறங்குடா."

"வாய் தொறந்துதான்பா இருக்கணும். மாமா சொன்னாரு."

அதற்குள் மேனேஜர் எழுந்துவிட்டார். பதினோரு எட்டு வைத்து என்முன் வந்து நின்றார். "ஹனிவா," என்று அந்தப் பொம்மையின் பெயரை மெல்லச் சொன்னார். பிறகு ஒரு கையை மேலே தூக்கி, மறுகையைக் கீழே மடக்கி, வாயை வட்டமாகத் திறந்து அப்படியே நின்றார். மற்ற ஜப்பானியர்கள் நால்வரும் ஓடி வந்து அதேபோல் நின்றார்கள். மண்டபம் சிரித்த சிரிப்பில் நானும் குலுங்கியதால் என் களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது. மேனேஜர் அப்பாவையும் இழுத்து வரிசையில் நிறுத்தினார். அப்பா கை தூக்கினார்.

அடுத்த மாதம் அவர் ஃபோர்மேன் ஆனார். எனக்குப் பரிசு பன்னிரண்டு வண்ணப் பென்சில்கள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

அன்று ஜப்பானியர் ஐவரும் அசையாமல் நின்றார்கள். அப்பாவின் முழங்கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தன. அத்தனை பேரில் கேமில் வருவதுபோலவே செய்கிறவர் என் அப்பாதான் என்று, மிச்சமிருந்த களிமண்ணும் உதிரும்படி கைதட்டினேன்.